முடக்குவாதத்துக்கு இரத்தம் குடுக்கப் போகிறீர்களா?

மூட்டு நோவுக்கு இரத்தம் சோதிக்க வருகிறவர்களில் கனபேர் முதலில் கேட்பது, “எந்த ரெஸ்ட் செய்தால் வாதமோ இல்லையோ எண்டு தெரியும்?” என்பதுதான். அப்படி ஒரு தனி ரெஸ்ட் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆய்வுகூட வேலையில் கனகாலம் இருக்கிறவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். றூமற்றொயிட் ஆத்ரைற்றிஸ் என்கிற முடக்குவாதத்தை இரத்தம் தனியே நின்று கண்டுபிடித்துத் தராது. டொக்டர் கையைத் தொட்டுப் பார்த்து, விசாரித்து, ஒரு சந்தேகத்துக்கு வருகிறார். இரத்தம் அந்தச் சந்தேகத்தைக் கூட்டும், அல்லது குறைக்கும். இந்த ஒழுங்கை மாற்றி முதலில் லாப்புக்கும் பிறகு டொக்டரிடமும் போனால் காசு மட்டுமல்ல, மாதங்களும் வீணாகப் போகும். இந்த நோயில் மாதங்கள் பெரிய விஷயம். தொடங்கி ஆறு கிழமைக்குள் மூட்டு வைத்திய நிபுணர் பார்க்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் ஐரோப்பிய வைத்தியர்களின் பரிந்துரை. அதற்குப் பிறகு எலும்பில் விழுகிற அரிப்பை மருந்தால் நிரப்ப முடியாது.

இரத்தத்துக்கு முதல் கை

காலமை எழும்பினவுடன் கை எப்படி இருக்கிறது என்று சில நாட்கள் கவனியுங்கள். முடக்குவாத விறைப்பு அரை மணித்தியாலத்துக்கு மேலே நிற்கும், சிலருக்கு ஒரு மணித்தியாலத்தையும் தாண்டும். இடியப்ப உரலைப் பிடித்துப் பிழிய ஏலாது, சட்டைத் தெறி பூட்ட ஏலாது. பத்து மணிக்குப் பிறகு அதே கை ஓரளவு வேலை செய்யும். வயதோடு வருகிற தேய்மான நோ இதற்கு மறுவளம். அது காலமை கொஞ்ச நேரத்தில் இளகி, வேலை செய்யச் செய்யக் கூடும்.

எந்த மூட்டு என்பதும் முக்கியம். விரல் உள்ளங்கையோடு சேர்கிற அடி மூட்டு, விரலின் நடு மூட்டு, மணிக்கட்டு, கால் விரல்களின் அடி மூட்டு ஆகியவைதான் முடக்குவாதம் விரும்பிப் பிடிக்கிற இடங்கள். பெரும்பாலும் இரண்டு பக்கமும் பிடிக்கும். நகத்துக்குக் கிட்ட உள்ள கடைசி மூட்டு கல்லுப் போலத் திரண்டிருந்தால் அது பொதுவாகத் தேய்மானம். மற்றக் கையால் விரல் அடி மூட்டுகளைக் குறுக்காகச் சேர்த்து மெல்ல அமத்திப் பாருங்கள். உயிர் போகிற நோ எடுத்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

எப்போது தொடங்கியது என்றும் கேட்பார்கள். திகதி நினைவில் இல்லாவிட்டால், நல்லூர்க் கொடிக்கு முதலோ தேருக்குப் பிறகோ என்று சொன்னாலும் கணக்குப் பார்க்கலாம். ஆறு கிழமை தாண்டியதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது.

உரும்பிராய்ப் பக்கம் வெங்காயத் தோட்டம் செய்கிற அம்மா ஒருவர் டொக்டரின் துண்டு எதுவும் இல்லாமல் வந்தார்.

“பிள்ளை, யூரிக் அசிட் ஒருக்காப் பாருங்கோ. அது கூடித்தான் கை வீங்குதெண்டு பக்கத்து வீட்டுக்காரி சொல்லுறா. பருப்பும் இறாலும் விட்டு மூண்டு மாசமாச்சு.”

“டொக்டரிட்டைக் காட்டினனீங்களோ அம்மா?”

“இல்லைப் பிள்ளை, முதல் இதைப் பாத்திட்டுப் போவமெண்டு.”

கையைப் பொத்திக் காட்டச் சொன்னேன். பொத்தின கையில் மொட்டு மொட்டாக மேடும் இடையில் பள்ளமும் தெரிய வேண்டும். அவருடைய இரண்டு கையிலும் அந்தப் பள்ளங்கள் தூர்ந்து, சமதரையாக இருந்தன. “காசை வைச்சிருங்கோ அம்மா. நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கோ, அவையள் எழுதித் தாறதைச் செய்வம்” என்று அனுப்பினேன். யூரிக் அசிட் கவுட் என்கிற வேறு வருத்தத்துக்கானது. அது பெரும்பாலும் ஆண்களுக்கு, கால் பெருவிரலில் திடீரென்று ஓர் இரவில் வந்து குதிக்கும். யூரிக் அசிட் கொஞ்சம் கூடின எல்லோருக்கும் கவுட் இருப்பதுமில்லை. இப்படி மூன்று மாதம் பருப்பை விட்டுக்கொண்டு இருக்கிறவர்களைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது.

ஆர்.எவ்: பழைய ரெஸ்ட், பாதி உண்மை

றூமற்றொயிட் பக்டர் என்பதைத்தான் ஆர்.எவ் என்று எழுதுவார்கள். 1940 இல் நோர்வேயைச் சேர்ந்த எரிக் வாலரும், 1948 இல் அமெரிக்காவில் ஹரி றோசும் செம்மறியாட்டு இரத்தக் கலங்களை வைத்துக் கண்ட விஷயம் இது. எங்கள் உடம்பு கிருமிக்கு எதிராகச் செய்கிற பிறபொருளெதிரியையே எதிரியாக நினைத்து, அதன் வால் பக்கத்தில் போய் ஒட்டுகிற இன்னொரு பிறபொருளெதிரிதான் ஆர்.எவ்.

இதைக் கையால் செய்வதைப் பார்த்தால் முடிவு எப்படி வருகிறது என்று விளங்கும். கறுப்பு நிறச் சிலைட்டில், இரத்தம் உறைந்த பிறகு பிரிகிற தெளிநீரான உங்கள் சீரம் ஒரு துளி, பக்கத்தில் பால் போன்ற லேற்றக்ஸ் கரைசல் ஒரு துளி. இரண்டையும் குச்சியால் கலந்து, சிலைட்டை இரண்டு நிமிடம் மெல்ல ஆட்ட வேண்டும். ஆர்.எவ் இருந்தால் அந்தப் பால் திரைந்து, வெளிச்சத்தின் கீழ் வெள்ளைக் குறுணியாகத் தெரியும். இல்லாவிட்டால் கடைசிவரை ஒரே சீராக இருக்கும். இரண்டு நிமிடத்துக்கு மேலே விட்டால் துளி ஓரத்தில் காய்ந்து பொய்க் குறுணி காட்டும். அதனால் மணிக்கூட்டைப் பார்த்தபடிதான் ஆட்டுவோம். குறுணி தெரிந்தால் சீரத்தை உப்புநீரில் இரண்டு மடங்கு, நாலு மடங்கு, எட்டு மடங்கு என்று ஐதாக்கித் திரும்பச் செய்வோம். இந்தக் கிட்டுகளில் கனக்க 8 யூனிற்றிலிருந்துதான் காட்டத் தொடங்கும். எட்டு மடங்கு ஐதாக்கியும் குறுணி வந்தால் 8 ஐ 8 ஆல் பெருக்கி 64 என்று எழுதுவோம். ஆகவே கையால் செய்த றிப்போட்டில் 8, 16, 32, 64 என்று படிப்படியாகத்தான் இலக்கம் வரும். மெஷினில் செய்தால் 23.4 என்றும் வரலாம், அங்கே சாதாரண எல்லை 14 ஆகவோ 20 ஆகவோ இருக்கும். ஒரு லாப்பில் 16, இன்னொரு லாப்பில் 23 என்று வந்ததை வைத்து “வருத்தம் கூடிப்போச்சு” என்று பயப்பட வேண்டாம். இலக்கத்துக்குப் பக்கத்தில் அந்த லாப் அச்சடித்திருக்கிற எல்லையைப் பாருங்கள். எல்லையைப் போல மூன்று மடங்குக்கு மேலே போனால்தான் அது உயர்ந்த பொசிற்றிவ். எல்லையைத் தாண்டி அந்த மூன்று மடங்குக்குள் நிற்பது குறைந்த பொசிற்றிவ்.

ஆர்.எவ் பொசிற்றிவ் என்றால் முடக்குவாதம் என்று முடிவு கட்டக் கூடாது. வருத்தமே இல்லாத சிலருக்கும், வயது போகப் போக இன்னும் கூடுதலானவர்களுக்கும் அது பொசிற்றிவாக வரும். கசரோகம், ஈரல் அழற்சி சி, தொழுநோய், இதய வால்வில் வருகிற கிருமித் தொற்று ஆகியவற்றிலும் வரும். கண்ணும் வாயும் காய்கிற சோகிறன் வருத்தத்திலும் வரும். மறுபக்கம், முடக்குவாதம் உள்ள பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு ஆர்.எவ் நெகற்றிவ். “நெகற்றிவ் எண்டு வந்திட்டுது, இனிப் பயமில்லை” என்று வீங்கின கையோடு வீட்டுக்குப் போகிறவர்களைத்தான் நான் மறித்து நிறுத்துவேன்.

அன்ரி சி.சி.பி: காசு ஒதுக்குவதென்றால் இதற்கு

மூட்டழற்சியில் புரதங்களில் உள்ள ஆர்ஜினின் என்கிற கூறு ஒரு நொதியத்தால் சிற்றுலின் என்று மாறுகிறது. முடக்குவாதக்காரர்களின் உடம்பு இப்படி மாறின புரதத்தை அந்நியமாகப் பார்த்து எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பை அளப்பதுதான் அன்ரி சி.சி.பி. 1964 இலேயே இதன் நிழலை ஒல்லாந்து ஆராய்ச்சியாளர்கள் கண்டுவிட்டார்கள், சிற்றுலின்தான் காரணம் என்று 1998 இல் தெளிவாயிற்று. முடக்குவாதம் உள்ளவர்களைப் பிடிப்பதில் இது ஆர்.எவ்வைப் போலத்தான், மூன்றில் இரண்டு பங்கினர் அளவில். வித்தியாசம் மற்றப் பக்கத்தில். அந்த வருத்தம் இல்லாத நூறு பேரில் ஏறக்குறைய 95 பேருக்கு இது நெகற்றிவாகவே வரும். ஆர்.எவ்வில் அது 85 அளவில்தான். ஆகவே கை வீங்கி, அன்ரி சி.சி.பியும் உயர்ந்து வந்தால் டொக்டருக்குப் பெரிய தயக்கம் இருக்காது. எதிர்காலத்தில் எலும்பு அரிப்புக் கூடுதலாக வரக்கூடியவர் என்றும் அது சொல்லும். அப்படியானவருக்கு மருந்தைப் பிந்தாமல் தொடங்குவார்கள்.

இதிலும் எல்லை மெஷினுக்கு மெஷின் மாறும். சிலதில் 20, சிலதில் 17, சிலதில் 5. இதை எல்லா இடத்திலும் செய்வதில்லை, சில இடங்களில் சீரத்தைப் பிரித்துக் கொழும்புக்கு அனுப்பித்தான் முடிவு எடுப்பார்கள். அதனால் பயமில்லை. பிரித்துக் குளிரில் வைத்த சீரம் பயணம் தாங்கும்.

சுருட்டோ சிகரெட்டோ பிடிக்கிறவர்களுக்கு ஒரு சொல். சுவாசப்பையில் புகை படப்பட இந்தச் சிற்றுலின் மாற்றம் கூடுகிறது, அன்ரி சி.சி.பி பொசிற்றிவான முடக்குவாதத்துக்குப் புகைத்தல் நன்றாக நிறுவப்பட்ட காரணி. தாய்க்கோ தமக்கைக்கோ இந்த வருத்தம் இருந்தால் முதலில் விட வேண்டியது அதைத்தான். அதே குடும்பக்காரர்கள் “எனக்கும் வருமோ, ஒருக்காப் பாப்பம்” என்று நோவே இல்லாமல் இந்த ரெஸ்ட்டைக் கேட்பதுண்டு. நான் செய்யச் சொல்ல மாட்டேன். வருத்தம் வெளிக்க வருடங்களுக்கு முதலே இது சிலரில் பொசிற்றிவாகும், பொசிற்றிவான எல்லோருக்கும் வருத்தம் வருவதும் இல்லை. மிஞ்சுவது நித்திரையில்லாத இரவுகள் மட்டும்தான்.

ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி: நெருப்பு எவ்வளவு?

இவை இரண்டும் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், எதனால் என்று சொல்லாது. பல்லு அவியலும் சலக்கிருமியும்கூட இவற்றைக் கூட்டலாம்.

ஈ.எஸ்.ஆர் மிகப் பழைய, எளிய முறை. 200 மில்லிமீற்றர் அளவு குறித்த மெல்லிய குழாயில் இரத்தத்தை நேராக நிறுத்தி, ஒரு மணித்தியாலத்தில் சிவப்பு எவ்வளவு கீழே இறங்கி மேலே தெளிநீர் விட்டிருக்கிறது என்று பார்ப்போம். குழாய் கொஞ்சம் சரிந்தாலும், மேசை அதிர்ந்தாலும் இலக்கம் கூடும். இரத்தச் சோகை, கர்ப்பம், வயது ஆகியவையும் கூட்டும். ஒரு மனக்கணக்கு உண்டு. ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி. 60 வயது அம்மாவுக்கு 35 வரை பெரிதாக எடுக்கத் தேவையில்லை. இரத்தம் எடுத்து நாலு மணித்தியாலத்துக்குள் இது செய்யப்பட வேண்டும். நெடுந்தீவிலோ ஊர்காவற்றுறையிலோ இருந்து வருகிறவர்கள் வீட்டில் எடுப்பித்து அனுப்பாமல், லாப் உள்ள இடத்துக்கே வந்து குடுப்பது நல்லது. மோட்டச்சைக்கிளில் வந்து எடுப்பவர் என்றால் குளிர்ப்பெட்டி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். சித்திரை வெயிலில் சீற்றுக்குக் கீழே கிடந்த இரத்தத்தில் எந்த முடிவும் நம்பிக்கையாக வராது.

சி.ஆர்.பி ஈரல் செய்கிற புரதம். அழற்சி தொடங்கிச் சில மணித்தியாலத்திலேயே ஏறும், அணைந்தால் சில நாளில் இறங்கும். ஈ.எஸ்.ஆர் இறங்கக் கிழமைகள் எடுக்கும். இரண்டில் ஒன்றைத்தான் செய்யலாம் என்றால் நான் சி.ஆர்.பியைச் சொல்வேன். ஒரே ஒரு கவனம்: சில லாப்புகள் லீற்றருக்கு மில்லிகிராம் என்றும், சிலது டெசிலீற்றருக்கு மில்லிகிராம் என்றும் எழுதும். முதலாவதில் 24 என்பது இரண்டாவதில் 2.4. பத்து மடங்கு குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு மருந்தை விட்டவர்களும் இருக்கிறார்கள். அளவைப் பெயரைப் பார்க்காமல் இலக்கத்தை ஒப்பிட வேண்டாம். முடக்குவாதம் தொடங்குகிற காலத்தில் இரண்டும் சாதாரணமாக இருக்கிறவர்களும் கணிசமாக உள்ளார்கள்.

டொக்டர் எப்படிக் கூட்டுகிறார்

2010 இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாதச் சங்கங்கள் சேர்ந்து ஒரு புள்ளிக் கணக்கு வெளியிட்டன. ஆராய்ச்சிக்கு நோயாளரை வகைப்படுத்த வந்தது என்றாலும் டொக்டர்மாருக்கும் நல்ல வழிகாட்டி. பத்தில் ஆறு வந்தால் முடக்குவாதம். ஆகக் குறைந்தது ஒரு மூட்டாவது உண்மையாக வீங்கியிருக்க வேண்டும், அதற்கு வேறு காரணமும் இருக்கக் கூடாது. வீக்கமே இல்லையென்றால் கணக்குத் தொடங்காது.

இரண்டு மணிக்கட்டும் நாலு விரல் அடி மூட்டும் பிடித்த ஒருவரை எடுப்போம். நாலிலிருந்து பத்துச் சிறு மூட்டுக்கு 3 புள்ளி. ஆறு கிழமை தாண்டினால் 1. சி.ஆர்.பியோ ஈ.எஸ்.ஆரோ கூடியிருந்தால் 1. மொத்தம் 5. இனி ஆர்.எவ், அன்ரி சி.சி.பி இரண்டும் நெகற்றிவ் என்றால் 5 இலேயே நிற்கிறது. ஒன்றாவது குறைந்த பொசிற்றிவ் என்றால் 2 சேர்ந்து 7, உயர்ந்த பொசிற்றிவ் என்றால் 3 சேர்ந்து 8. ஐந்தில் நிற்கிறவருக்கு வருத்தம் இல்லை என்று அர்த்தமில்லை. டொக்டர் திரும்ப வரச் சொல்வார், எக்ஸ்றேயோ ஸ்கானோ எடுப்பார், பிறகு கணக்கு மாறலாம். பத்து மூட்டுக்கு மேலே பிடித்திருந்தால் மூட்டுக்கே 5 கிடைக்கும். ஆறு கிழமைக்கும் சி.ஆர்.பிக்கும் உரிய ஒவ்வொரு புள்ளியும் சேர்ந்தால், ஆர்.எவ், அன்ரி சி.சி.பி இரண்டும் நெகற்றிவானாலும் அவருக்கு ஆறு தாண்டும்.

மாரியில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2006 கடைசியில் சிக்குன்குனியா இலங்கையில் பரவியபோது யாழ்ப்பாணமும் தப்பவில்லை. காய்ச்சல் போன பிறகும் கை கால் மூட்டு மாதக்கணக்கில் வீங்கி நிற்கும், பார்த்தால் முடக்குவாதம் போலவே இருக்கும். நோ தொடங்க முதல் காய்ச்சலோ தோல் தடிப்போ வந்ததா, வீட்டில் மற்றவர்களுக்கும் வந்ததா என்று கட்டாயம் சொல்லுங்கள். டொக்டர் அதற்குரிய பிறபொருளெதிரியைப் பார்க்கச் சொல்வார்.

“ஆத்ரைற்றிஸ் பக்கேஜ்” என்று கட்டாகச் செய்வதில் ஏ.எஸ்.ஓ என்று ஒன்று சேர்ந்து வரும். அது தொண்டைக் கிருமிக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வருகிற வாதக் காய்ச்சலுக்கானது, பெரியவரின் முடக்குவாதத்துக்கு உதவாது. ஏ.என்.ஏ என்கிற ரெஸ்ட், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற லூப்பஸ் போன்றவற்றைச் சந்தேகித்தால் மட்டும். டொக்டர் எழுதாத பக்கேஜுக்குக் காசு குடுக்க வேண்டாம்.

குடுக்கப் போகிற நாள்

ஆர்.எவ், அன்ரி சி.சி.பி, ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி எதற்கும் வெறுவயிறு தேவையில்லை. சீனியும் கொலஸ்திரோலும் சேர்த்து எழுதியிருந்தால்தான் சாப்பிடாமல் வர வேண்டும். தண்ணி குடியுங்கள், நரம்பு எடுக்க லேசு. தலைமயிருக்கு என்று பயோற்றின் குளிசை போடுகிறவர்கள் முதலே சொல்லுங்கள், சில மெஷின்களில் அது முடிவைக் குழப்பும். பிரெட்னிசொலோன் போன்ற ஸ்ரீறொயிட் எடுத்தால் வீக்கமும் சி.ஆர்.பியும் அமத்துப்பட்டுவிடும். பேர் தெரியாமல் பொட்டலத்தில் கட்டித் தந்த குளிசை போட்டு நோ ஒரே நாளில் பறந்திருந்தால், அதில் ஸ்ரீறொயிட் இருக்கக்கூடும். அந்தப் பொட்டலத்தையே கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள். நீங்களாகச் சடுதியாக நிற்பாட்ட வேண்டாம்.

எவ்.பி.சி என்கிற முழு இரத்தக் கலக் கணக்குச் செய்தால் ஹீமோகுளோபினையும் பிளேற்லெற்றையும் பாருங்கள். முடக்குவாதம் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஹீமோகுளோபின் குறைந்து பிளேற்லெற் கூடும். இந்தச் சோகைக்கு இரும்புக் குளிசை மட்டும் போட்டால் ஏறாது, வாதம் அடங்க வேண்டும்.

மருந்து தொடங்கின பிறகு

பெரும்பாலும் முதலில் தருவது மெதோற்றெக்சேற். அதற்கு முதல் எவ்.பி.சி, ஈரல், சிறுநீரகத்தைக் காட்டுகிற கிரியற்றினின், ஈரல் அழற்சி பி மற்றும் சி பார்ப்பார்கள், நெஞ்சு எக்ஸ்றேயும் எடுப்பார்கள். பிள்ளை பெற யோசிக்கிறவர்கள், ஆணோ பெண்ணோ, தொடங்க முதலே சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் இந்த மருந்து கூடாது.

அன்ரி சி.சி.பியும் ஆர்.எவ்வும் ஒருமுறை தெளிவாகப் பொசிற்றிவ் வந்தால் திரும்பத் திரும்பச் செய்வதில் பயனில்லை. மருந்து வேலை செய்கிறதா என்று காட்டுவது சி.ஆர்.பி, ஈ.எஸ்.ஆர், உங்கள் வீங்கின மூட்டுகளின் எண்ணிக்கை ஆகியவைதான். எல்லா றிப்போட்டையும் திகதிப்படி கிளினிக் கொப்பிக்குள் ஒட்டி வையுங்கள். முடிந்தவரை ஒரே லாப்பில் செய்யுங்கள்.

மெதோற்றெக்சேற் கிழமைக்கு ஒருநாள் மட்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையில் எந்த நாள் என்பதைக் குளிசைப் பையிலும், வீட்டில் மருந்து எடுத்துத் தருகிறவர் பார்க்கிற கலண்டரிலும் எழுதுங்கள். வாய்ப்புண், தொண்டை நோ, காய்ச்சல், காரணமில்லாமல் கண்டல் வந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை இருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், மெதோற்றெக்சேற் எடுக்கிறேன் என்று முதல் வசனமாகச் சொல்லி, எவ்.பி.சி பார்க்கக் கேளுங்கள்.